மதுரையிலிருந்து காரில் சென்று பனியாறு காண: எந்த வழியில் ஏறுவது, எங்கே கூடாரம் அடிப்பது?

கேள்வி: திருமங்கலம் புவியியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்தி, சென்ற மே மாதம் ஓய்வு பெற்றவள் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பனியாற்றைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். கரும்பலகையில் நாக்கு வடிவில் ஒன்றை வரைந்து, அதன் ஓரங்களிலும் நடுவிலும் புள்ளிகள் இட்டு, அந்தப் புள்ளிகள்தாம் மொரைன், அதாவது பனியாறு சுமந்து வந்து சேர்க்கும் கல்லும் மண்ணும், என்று சொல்லியிருக்கிறேன். வைகையில் ஆண்டு முழுவதும் நீர் ஓடிப் பார்த்திராத பிள்ளைகளிடம் பனிக்கட்டி ஓடும் என்று சொன்னால் எப்படி நம்புவார்கள்? "கட்டி எப்படி டீச்சர் ஓடும்?" என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். தன் எடையினாலேயே அழுந்தி, உருமாறி, சரிவின் வழியே மெல்ல நகர்கிறது என்று புத்தகத்தில் உள்ளதைச் சொல்வேன். கண்ணால் கண்டு சொன்னதில்லை. அதைக் காண்பதற்காகவே இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறேன்.

கப்பலூர் சுங்கச்சாவடி வழியாக எங்கள் ஊருக்கு வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் வடக்கே ஸ்ரீநகர் வரை போகிறது என்பதால், விமானத்தை விட்டு எங்கள் காரிலேயே போக வேண்டும் என்பது என் ஆசை. ஏழு பேர் அமரும் டீசல் கார். கடைசி இருக்கையை மடித்தால் கூடாரம், பாத்திரங்கள், போர்வைகள் எல்லாம் கொள்ளும். என் கணவருக்கு 61 வயது; இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், அது கட்டுக்குள் இருக்கிறது. மகனுக்கு 27 வயது. இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். கொடைக்கானல் மலைப்பாதை இருவருக்கும் நன்கு பழக்கம். சென்ற மார்கழியில் பூம்பாறையில் உறவினர் தோட்டத்தில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கிப் பார்த்தோம். மூன்று போர்வை போர்த்தியும், கீழே விரித்த கோரைப்பாயைத் தாண்டித் தரையிலிருந்து குளிர் ஏறி, விடியும் வரை தூங்கவில்லை.

மணாலி சென்று, அங்கிருந்து லே செல்லும் சாலையில் சர்ச்சூவில் கூடாரமடித்துத் தங்குவது என்பது மகனின் திட்டம். அந்த வழி எங்களுக்கு ஏற்றதா? மலையேற்றம் எதுவும் இல்லாமல், சாலையில் நின்றபடியே உண்மையான பனியாறு ஒன்றை, மொரைன் தெரியும்படி, பார்க்கக்கூடிய இடம் எது? எந்த மாதம் நல்லது? எங்கள் சமையலை அங்கே செய்துகொள்ள முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி 1: மதுரை அண்ணா நகரிலிருந்து

அம்மா அவர்களுக்கு வணக்கம். தங்கள் மகன் சொல்லும் திட்டத்தை அப்படியே நிறைவேற்றியவன் என்பதால், அதை வேண்டாம் என்று சொல்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

நாங்கள் மணாலியில் ஓர் இரவு மட்டும் தங்கிவிட்டு மறுநாளே புறப்பட்டோம். முன்பெல்லாம் ரோதாங் கணவாயை ஏறி இறங்க வேண்டியிருந்த இடத்தில், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை இப்போது இருக்கிறது. ஒரு முற்பகலில், மலைக்கு அப்பால் உள்ள லாஹௌல் பள்ளத்தாக்குக்குள் போய்விடலாம். அந்த வசதியே எங்களுக்கு ஆபத்தாக முடிந்தது. அன்றிரவு ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஜிஸ்பாவில் தங்கினோம். மறுநாள் பாரலாச்சா லா கணவாயைக் கடந்து, ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் உள்ள சர்ச்சூவுக்குச் சென்றோம். தூங்கும் உயரம் ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடிவிட்டது. மாலையிலேயே என் தந்தைக்குத் தலைவலி தொடங்கியது. இரவு பத்து மணிக்கு வாந்தி. அதன் பிறகு விடியும் வரை உட்கார்ந்தபடியே இருந்தார்.

சர்ச்சூவின் சிக்கல் அதன் உயரம் மட்டும் அன்று என்பதை அந்த இரவில்தான் உணர்ந்தேன். அந்த இடம் ஒரு கிண்ணத்தின் அடியைப் போல் அமைந்திருக்கிறது. லே பக்கம் போனால் லாச்சுலுங் லா, தங்லாங் லா என்று 5,000 மீட்டருக்கு மேற்பட்ட இரு கணவாய்களைக் கடக்க வேண்டும். திரும்பி வந்தால் 4,800 மீட்டருக்கு மேற்பட்ட பாரலாச்சா லாவை மறுபடியும் ஏற வேண்டும். நோயாளியைக் கீழே இறக்குவதற்கு முன்னால், எந்தப் பக்கம் போனாலும், அவரை இன்னும் மேலே ஏற்றித்தான் தீர வேண்டும். விடியலில் கிளம்பி ஜிஸ்பாவுக்குத் திரும்பினோம். அங்கு வந்து சேர்ந்த சில மணி நேரத்தில் தந்தை எழுந்து கஞ்சி கேட்டார். லே பயணத்தை அத்துடன் கைவிட்டோம், அதில் எனக்கு வருத்தமில்லை. முதல்முறை போகிறவர்கள், அதிலும் அறுபதைக் கடந்தவர்களோடு போகிறவர்கள், அந்தச் சாலையை ஏறுவழியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

எரிபொருள் பற்றி ஒரு சொல்: கேலாங்குக்கு முன்னால் தாண்டி என்ற இடத்தில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று பலகை வைத்திருப்பார்கள். எந்த வழியில் போனாலும், பாதித் தொட்டி என்பதையே காலித் தொட்டியாக நினைத்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: உசிலம்பட்டி, முன்னாள் ராணுவ வாகன ஓட்டுநர்

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் வண்டி ஓட்டியவன் நான். அதில் இரண்டு முறை கார்கில் பகுதியில் பணி. பணி முடிந்த பிறகு என் குடும்பத்தையும் அதே சாலையில் அழைத்துச் சென்றிருக்கிறேன். நீங்கள் தேடுவது கார்கிலுக்குத் தெற்கே, ஸன்ஸ்கார் பகுதியின் முக்கிய ஊரான பதும் செல்லும் சாலையில் இருக்கிறது.

கார்கிலிலிருந்து சுரு ஆற்றை ஒட்டி சாங்கூ, பனிகர், பர்காசிக், ரங்தூம் என்று சாலை மேலேறி, ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரமுள்ள பென்சி லா கணவாயை அடைகிறது. கணவாயைத் தாண்டிச் சற்றே இறங்கினால், வளைவில் ட்ராங்-ட்ருங் பனியாறு முழு நீளமும் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கும். இருபது கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அது, மலைகளுக்கு நடுவே ஆற்றைப் போலவே வளைந்து நெளிந்து இறங்கி வரும். அதன் முதுகில் கறுப்புக் கோடுகள் அந்த வளைவுகளோடு சேர்ந்தே வளைந்து வரும். அவை என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் புள்ளியிட்டுக் காட்டிய நடு மொரைன்கள்தாம். கட்டி எப்படி ஓடும் என்று கேட்ட பிள்ளைக்கு அந்தக் கோடுகளைவிடத் தெளிவான விடை கிடையாது. ஓடாத ஒன்றின்மேல் அப்படிக் கோடு விழாது. அதன் நுனியில் உருகும் நீர்தான் ஸ்தோத் ஆறாகி, பதும் அருகே சாரப் ஆற்றோடு கூடி, ஸன்ஸ்கார் ஆறு என்ற பெயரோடு சிந்துவுக்குப் போகிறது. இத்தனையையும் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். கீழே இறங்கிப் பனிமீது நடக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். பனியாற்றின் பிளவுகளை மெல்லிய பனி மூடியிருக்கும், பழகியவர்களே கயிறு கட்டித்தான் நடப்பார்கள். போகும் வழியிலேயே, பர்காசிக்கைக் கடந்ததும், அதே பெயருள்ள இன்னொரு பனியாறு ஆற்றங்கரை வரை இறங்கி நிற்பதையும் காண்பீர்கள். 7,000 மீட்டருக்கு மேற்பட்ட நுன், குன் என்னும் இரு சிகரங்களின் பனிதான் அந்தப் பக்கம் வழிந்து வருகிறது.

இந்த வழியின் பெரிய நன்மை, உயரம் படிப்படியாக வருவது. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குச் சற்றுக் கீழே. சோனமார்க் ஏறத்தாழ 2,700. ஜோஜி லா 3,500 மீட்டரைத் தாண்டினாலும் அதைக் கடந்து இரவுக்கு மறுபடி 2,700 மீட்டர் உயரமுள்ள கார்கிலுக்கு இறங்கிவிடலாம். ஜம்முவுக்கு மேலே சாலையும் இப்போது எளிதாகிவிட்டது. செனானி–நாஷ்ரி, பனிஹால்–காசிகுண்ட் சுரங்கப்பாதைகளோடு, 2025 ஜனவரியில் சோனமார்க் சுரங்கப்பாதையும் திறக்கப்பட்டது. ஜோஜி லாவில் மட்டும் மண் சரிவாலும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாலும் எந்தப் பக்கத்து வண்டியை எப்போது விடுவார்கள் என்பது நாளுக்கு நாள் மாறும். முந்தின நாள் மாலையிலேயே சோனமார்க்கில் போலீசாரிடம் கேட்டுக்கொண்டு விடியலில் கிளம்புங்கள்.

மாதம் பற்றிக் கேட்டீர்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அமர்நாத் யாத்திரைக்காக ஜம்மு முதல் சோனமார்க் வரை வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள். வழக்கமாக அது நம் ஆவணி அவிட்டத்தன்று வரும் பௌர்ணமியோடு முடியும். அதன் பிறகு மதுரையை விட்டுக் கிளம்பினால், நாளைக்கு நானூறு கிலோமீட்டர் என்று அவசரமில்லாமல் ஓட்டி, செப்டம்பர் முதல் வாரத்தில் காஷ்மீருக்குள் இருப்பீர்கள். அப்போது வானம் தெளிவாக இருக்கும், ஓடைகளில் நீர் வற்றத் தொடங்கியிருக்கும்; இரவுக் குளிர்தான் கூடும்.

இனி ஓடைகளைப் பற்றி. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஊர் ஓட்டுநர்கள் தவறு செய்வது இங்கேதான். பாலமில்லாத இடங்களில் பனியுருகும் ஓடைகள் சாலையின்மீதே குறுக்கே பாயும். வைகையில் அணையைத் திறந்தால் முன்கூட்டியே தண்டோரா போடுகிறார்கள், கரையோர மக்கள் விலகிவிடுகிறார்கள். அங்கே வெயில்தான் மதகு. இரவெல்லாம் உறைந்து கிடந்த பனி காலை வெயிலில் உருகத் தொடங்கி, அந்த நீர் கீழே வந்து சேரப் பிற்பகலாகும். காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடிய அதே ஓடை, மாலை நான்கு மணிக்கு முழங்காலுக்கு மேல், கல்லை உருட்டிக்கொண்டு வரும். ஆகவே எந்த நாளும் விடியலில் புறப்பட்டு, பிற்பகலுக்குள் அன்றைய இடத்தை அடைந்துவிட வேண்டும். பனியாற்று நீர், அரைபட்ட பாறைத் தூள் கலந்து, கழுநீர் நிறத்தில் இருக்கும். அடியில் குழி இருக்கிறதா என்பது தெரியாது. முன்னால் ஒரு வண்டி கடக்கும் வரை காத்திருந்து, அதன் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது என்று பார்த்து, முதல் கியரில், கிளட்சை மிதிக்காமல், நிற்காமல் போங்கள். ஐயம் இருந்தால் இரவு அங்கேயே தங்கிக் காலையில் கடப்பதில் எந்தக் குறைவும் இல்லை. இறக்கத்தைப் பற்றி உங்கள் வீட்டாருக்குச் சொல்லத் தேவையில்லை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குவது போலத்தான் அங்கும், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவதும் அப்படியே.

பாதுகாப்பைக் கருதி, காஷ்மீர்ப் பகுதியில் தனியாக எங்கும் கூடாரம் அடிக்காதீர்கள். அங்கே விடுதியில் தங்குங்கள். கார்கிலைக் கடந்த பிறகு, பனிகரிலும் பர்காசிக்கிலும் ஊர்க்காரர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் புல்வெளியில் அடித்துக்கொள்ளலாம்.

மறுமொழி 3: மதுரை, மயக்கவியல் மருத்துவர்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். உசிலம்பட்டி ஐயா சொன்ன வழியே மருத்துவ நோக்கிலும் சரியானது. மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டரைச் சற்றே தாண்டிய ஊர். பென்சி லாவில் காற்றழுத்தம் இங்குள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். உடல் அதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே சென்றபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. பகலில் அதைவிட உயரம் சென்று திரும்பலாம். எங்கே தூங்குகிறோம் என்பதே முக்கியம்.

ஆகவே சோனமார்க்கில் இரண்டு இரவு, கார்கிலில் ஓர் இரவு, ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள பனிகரில் இரண்டு இரவு, அதன் பிறகு அதைவிடச் சற்று உயரமான பர்காசிக்கில் இரவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரங்தூம் 4,000 மீட்டரை ஒட்டியது என்பதால் அங்கே தூங்க வேண்டாம். பர்காசிக்கிலிருந்து விடியலில் கிளம்பி, பென்சி லாவில் பனியாற்றைப் பார்த்துவிட்டு, அன்றே திரும்பிவிடுங்கள்.

தலைவலியோடு குமட்டல், அசதி, தூக்கமின்மை ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், வேறு காரணம் தேடாமல் உயரத்தினால் வந்தது என்றே கொள்ள வேண்டும். அன்று மேலே போகக் கூடாது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், விடாத இருமல், குதிகாலையும் விரல் நுனியையும் ஒட்ட வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுதல், பேச்சில் குழப்பம் ஆகியவை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருப்பதைக் காட்டும். அப்போது நள்ளிரவானாலும் உடனே கீழே இறங்குவதுதான் மருந்து. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நல்ல எண்ணைக் காட்டுகிறது என்பதற்காக இந்த அறிகுறிகளைப் புறக்கணிக்காதீர்கள்.

அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். தங்கள் கணவரின் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எனவே அவருக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர் போவதில் தடையில்லை. முதல் சில நாள்களில் அது சற்று உயரக்கூடும் என்பதால் அளக்கும் கருவியை எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரை கூடவே கூடாது.

இன்னொன்று, உயரத்தைவிடவும் விரைவாகக் கொல்லக்கூடியது. குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் அடுப்பை எரிப்பதோ, கரிச்சட்டியை வைத்துக்கொள்வதோ, காரின் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்குவதோ வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிப்பதற்கே இடம் கொடுக்காது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அண்ணா நகர் தம்பி தம் தந்தையைப் பற்றி எழுதியதை மகனிடமும் கணவரிடமும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். சர்ச்சூ திட்டத்தை மகன் தானாகவே கைவிட்டுவிட்டான். சோனமார்க், கார்கில், பனிகர், பர்காசிக், பென்சி லா, வந்த வழியே திரும்புதல் என்று முடிவு செய்துள்ளோம். பதும் வரை போக வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிட்டேன். பார்க்கப் போவது பனியாறு, அதைப் பார்த்தால் போதும்.

இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. சோறும் பருப்பும் அந்த உயரத்தில் வேகுமா? பூம்பாறையில் தரைக்குளிர் எங்களைப் படுத்திய பாடு அங்கே எத்தனை மடங்காகும்?

மறுமொழி 4: உசிலம்பட்டி, முன்னாள் ராணுவ வாகன ஓட்டுநர்

டீச்சர், 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு நறுக்கரிசியாக நிற்கும், துவரம்பருப்பு மலராது. மூன்று லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துக்கொண்டால் இரண்டும் நம் வீட்டில் போலவே வேகும். விசில் மட்டும் இரண்டு கூடுதலாக விடுங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுபோனால் களைத்த மாலைகளில் சாதம் மட்டும் வடித்தால் போதும். சிறிய எரிவாயுக் குப்பி குளிர்ந்த காலையில் சுடர் மெலிந்துவிடும்; இரவில் அதைக் கம்பளியில் சுற்றி வைத்துவிட்டுக் காலையில் எடுங்கள்.

தரைக்குளிருக்குப் போர்வையைக் கூட்டிப் பயனில்லை. உடம்பின் எடையில் அடிப்பக்கப் போர்வை நசுங்கி, அதிலுள்ள காற்று போய்விடும். நசுங்காத தடித்த நுரைப்பாய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அதன்மேல் உறக்கப்பையைப் போடுங்கள். பையில் எழுதியிருக்கும் இரண்டு வெப்ப அளவுகளில், தாங்கும் எல்லையை விட்டுவிட்டு, சுகமாகத் தூங்கும் அளவைப் பார்த்து வாங்குங்கள்; அது உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரியாவது இருக்கட்டும். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்து குளிரும், கம்பளி பனியன் நல்லது. கூடாரத்தின் மேல்வாயைச் சிறிது திறந்தே வையுங்கள், இல்லையென்றால் மூச்சுக்காற்றே துணியில் உறைந்து விடியலில் மேலே சொட்டும்.

கூடாரத்தை ஆற்று மட்டத்துக்கும், சரளைக்கல் உருண்டு வரும் சரிவுக்கும் நடுவே, புல் முளைத்த மேட்டில் அடியுங்கள். புல் இருக்கும் இடத்தில் பல காலமாகக் கல்லும் வெள்ளமும் வந்திருக்காது. நம் ஊர்ப் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர் எல்லைக்குள் நுழைந்ததுமே வேலை செய்யாது, அதனால் கிளம்பும் முன்பே ஒரு போஸ்ட்பெய்டு இணைப்பு வாங்கிவிடுங்கள். பென்சி லாவுக்குப் போகும் நாளில் பர்காசிக்கை விட்டு ஐந்தரை மணிக்குக் கிளம்புங்கள். முற்பகல் வெயில் பனியாற்றின்மேல் விழும்போது அந்தக் கறுப்புக் கோடுகள் மிகத் தெளிவாகத் தெரியும், ஓடைகள் பெருகும் முன் திரும்பியும் விடலாம்.